பேஸ்மென்றில் கிடக்கும் பழைய விறகடுப்பைப் பற்றவைக்கலாமா?

கேள்வி கேட்ட தம்பி ஒன்ராறியோவில் பீற்றர்பரோவுக்கு வடக்கே ஒரு பழைய வீடு வாங்கியிருக்கிறார். பேஸ்மென்றில் முன்பிருந்தவர்கள் விட்டுப்போன விறகடுப்பு ஒன்று நிற்கிறது. 2025 மார்ச் கடைசியில் பெய்த உறைமழையில் ஒறிலியா, பீற்றர்பரோப் பக்கமெல்லாம் நாட்கணக்காக மின்சாரம் இல்லாமல் கிடந்தது. அந்தப் பயத்தில், வருகிற குளிருக்கு முன் அடுப்பைத் தயார்ப்படுத்த நினைக்கிறார். அவர் கேட்டது மூன்று. இருக்கிற அடுப்பை அப்படியே பற்றவைக்கலாமா? புதிது வாங்கினால் தானே பூட்டலாமா? "விறகடுப்பிலை சமைச்சு வளர்ந்த சனம் நாங்கள், இதிலை என்ன பெரிய வித்தை" என்று அம்மா சொல்வது சரியா?

முதற்கேள்விக்குப் பதில்: வேண்டாம், பார்ப்பிக்காமல் ஒரு தீக்குச்சிகூட வேண்டாம். இரண்டாவதற்கு: பேமிற் (நகரசபை அனுமதி) எடுத்தால் சட்டம் தடுக்காது, ஆனால் நான் தடுப்பேன். மூன்றாவதில்தான் விஷயமே இருக்கிறது, அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன். நான் 6 வருடம் புகைக்கூடு பூட்டும் ஒருவரிடம் கையாளாக நின்றவன். அதன்பின் 18 வருடமாக என் வீட்டை விறகில்தான் சூடாக்குகிறேன். அம்மா சொன்ன அதே வசனத்தை முதல் வருடம் நானும் சொன்னேன்.

ஊர்க் குசினியில் இருப்பது திறந்த அடுப்பு. சுற்றிவரக் காற்று. புகை ஓட்டிடுக்காலும் புகைக்கூட்டாலும் போகும், மிச்சம் ஊதுகிறவரின் கண்ணுக்குள் போகும். எரிப்பது காய்ந்த தென்னம் மட்டை, பாளை, பன்னாடை, பூவரசங் கொள்ளி. நெருப்பைக் கூட்டக் கொள்ளியை உள்ளே தள்ளுவோம், குறைக்க வெளியே இழுப்போம். இரவில் தணலைச் சாம்பலால் மூடிவிட்டால் விடிய ஊதி எழுப்பலாம். எல்லாம் நல்ல அறிவுதான். ஆனால் இங்கத்தைய விறகடுப்பு இறுக்கி மூடிய இரும்புப் பெட்டி. அதற்குள் கொள்ளியை இழுத்துக் குறைக்க முடியாது, காற்றைத்தான் குறைக்கலாம். காற்றைக் குறைத்தால் சுவாலை அடங்கும், ஆனால் உள்ளே விறகு அவிந்துகொண்டே இருக்கும்.

விறகு எரிகிறது என்று சொல்கிறோமே, பெரும்பாலும் எரிவது விறகு விடுகிற வாயு. சூடேறும்போது முதலில் ஈரம் போகும். பிறகு மரம் சிதைந்து புகை கிளம்பும். விறகிலுள்ள சக்தியில் பாதிக்கு மேல் அந்தப் புகைக்குள் இருக்கிறது. அது பற்றி எரிய ஏறத்தாழ 600 பாகை செல்சியஸ் சூடும் போதிய காற்றும் வேண்டும். இரண்டும் கிடைத்தால் கூரைக்கு மேலே புகையே கண்ணுக்குத் தெரியாது. கிடைக்காவிட்டால் புகை எரியாமலே மேலேறி, குழாய்க்குள் 120 பாகைக்குக் கீழே ஆறியதும் சுவரில் வேர்த்துப் படியும். அந்தப் படிவுக்குப் பெயர் கிரியோசோற். தன்பாட்டில் அது எரிபொருள்.

லின்ட்சேப் பக்கம் ஒரு வீட்டில் 6 அங்குலக் குழாயைக் கழற்றினோம். வாயைப் பார்த்தால் என் மூன்று விரல் போகிற ஓட்டைதான் மிச்சம். சுற்றிவரக் கறுத்து மினுங்குகிறது, பனங்கட்டிக்குக் காய்ச்சிய பாணி தாச்சியோடு பிடித்து இறுகியதுபோல. ஸ்குரூட்ரைவரால் தட்டினேன். உதிரவில்லை, கண்ணாடியில் தட்டின சத்தம் வந்தது. வீட்டுக்காரர் நல்ல சிக்கனக்காரர். படுக்கமுன் அடுப்பு நிறைய மேப்பிள் கட்டை அடுக்கி, காற்றுப் பிடியை முழுதாக மூடிவிடுவாராம். விடியவும் தணல் நிற்கும் என்று பெருமையாகச் சொன்னார். தணல் நின்றது உண்மை. மூன்று குளிர்காலம் அவருடைய குடும்பம் அந்தத் தார்க்குழாய்க்குக் கீழேதான் படுத்திருந்தது. அந்தப் பக்குவத்துக்கு வந்த படிவை பிரஷ் எடுக்காது. குழாயைத் துப்பரவாக்கவில்லை, கழற்றி எறிந்தோம்.

அம்மாவின் தணல் மூடும் வித்தை இங்கே அதுதான். ஒருநாள் பெரிய நெருப்பு மூட்டும்போது அந்தப் படிவு பற்றினால் குழாய்க்குள் 1,100 பாகை வரை ஏறும். வீட்டுக்குள் நிற்பவருக்கு இரயில் வருகிற இரைச்சல் கேட்கும். நல்ல புகைக்கூடு அதைத் தாங்கலாம், வெடிப்பு விழுந்த பழைய செங்கல் கூடு தாங்காது.

இனி உங்கள் பேஸ்மென்றுக்கு வாருங்கள். டோர்ச் அடித்து அடுப்பின் முதுகைப் பாருங்கள். ஒரு உலோகத் தகடு இருக்கவேண்டும். அதில் யூ.எல்.சி., சி.எஸ்.ஏ., வார்னொக் ஹேர்சி என்று ஏதாவது ஒரு பரிசோதனை நிறுவன முத்திரையும், எரியக்கூடிய சுவரிலிருந்து எத்தனை அங்குலம் தள்ளி நிறுத்தவேண்டும் என்ற அளவும் இருக்கும். இருந்தால் அந்த அளவுதான் முடிந்த முடிவு. தகடே இல்லையென்றால், விறகடுப்புப் பூட்டுவதற்கான கனடாவின் பி365 விதி பக்கச் சுவர்களுக்குப் பொதுவாக 48 அங்குலம் கேட்கிறது. பேஸ்மென்றில் நாலு பக்கமும் நாலடி விட்டால் அடுப்பு நடு ஹோலில் நிற்கும். தகடில்லாத அடுப்பை நான் யாருக்கும் காப்பாற்றித் தர முயல்வதில்லை. பழைய இரும்புக்காரருக்குக் கொடுத்துவிடுங்கள்.

தகடு இருந்தால் அடுத்தது கதவு. கதவைச் சுற்றி ஓடும் கயிற்றுக்கும் சட்டத்துக்கும் நடுவே ஒரு தாளை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். இறுகிப் பிடிக்கவேண்டும். வழுவிக்கொண்டு வந்தால் கயிறு மாற்ற வேண்டும், அது சின்னச் செலவு. உள்ளே மேல்தட்டு வளைந்திருந்தாலோ, உடலில் வெடிப்பு இருந்தாலோ அது வேறு கதை.

இதற்கெல்லாம் வெற் (WETT) சான்று பெற்ற ஒருவரை அழைத்துப் பார்ப்பிக்கவேண்டும். வெற் என்பது விறகெரிக்கும் கருவிகளைப் பூட்டுவோருக்கும் சோதிப்போருக்கும் புகைக்கூடு துப்பரவாக்குவோருக்கும் பயிற்சி கொடுத்துச் சான்றளிக்கும், இலாப நோக்கில்லாத அமைப்பு. கவனியுங்கள், சான்று ஆட்களுக்குத்தான். வீடு விற்கிற விளம்பரத்தில் "வெற் சான்றிதழ் பெற்ற அடுப்பு" என்று போட்டிருப்பார்கள். அப்படி ஒன்று கிடையாது. சான்று பெற்ற ஒருவர் ஒரு குறிப்பிட்ட நாளில் பார்த்து எழுதிய அறிக்கைதான் உண்டு. திகதியைப் பாருங்கள். அவர் புகைக்கூட்டின் உட்புறத்தைப் பார்த்தாரா, வெளியில் நின்று கண்ணால் மட்டும் பார்த்தாரா என்பதையும் கேளுங்கள்.

இன்சூரன்ஸ்காரருக்கு முதலிலேயே சொல்லிவிடுங்கள். சிலர் விறகடுப்பு என்றாலே வேண்டாம் என்பார்கள், சிலர் அறிக்கை கேட்பார்கள், சிலர் கொஞ்சம் கூட்டுவார்கள். மறைத்து வைத்து எரித்தால், நெருப்பு நடந்தபின் அவர்கள் கேட்கும் முதற்கேள்வியிலேயே மாட்டுவீர்கள். புதிய அடுப்புக்கு நகரசபையின் கட்டட பேமிற்றும் வேண்டும். இது காகித வேலை, எரிச்சல்தான், இத்தோடு விடுகிறேன்.

புதிது வாங்குவதென்றால் முதல் ஆலோசனை: பேஸ்மென்றை மறந்துவிடுங்கள். சீமெந்துச் சுவர் சூட்டை இழுத்து மண்ணுக்குக் கொடுத்துவிடும், நீங்கள் இருக்கும் மேல்தளம் குளிரும். அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. குளிர்காலத்தில் வீடே ஒரு புகைக்கூடு. உள்ளே சூடான காற்று மேலே ஏறி மாடியால் கசியும், அதற்கு ஈடாகக் கீழே வெளிக்காற்று இழுபடும். பேஸ்மென்ற் அடுப்பு அணைந்து கிடக்கும்போது அதன் குழாயாலும் குளிர்காற்றுக் கீழே இறங்கும். கதவைத் திறந்தால் முகத்தில் குளிர் அடிக்கும். அந்த நேரம் பற்றவைத்தால் புகை முழுதும் அறைக்குள் வரும். புகைக்கூடு வெளிச்சுவரோடு ஒட்டி ஏறுகிற வீடுகளில் இது இன்னும் மோசம், ஏனென்றால் கூடே குளிர்ந்து விறைத்துப்போய் நிற்கும். ஆகவே நீங்கள் புழங்கும் தளத்தில் அடுப்பு, வீட்டுக்கு நடுவால் கூரைவரை நேரே ஏறும் புகைக்கூடு. நான் பார்த்த நல்ல அடுப்புகளெல்லாம் அப்படித்தான் நின்றன.

இரண்டாவது, பெரிய அடுப்பு வாங்காதீர்கள். கடையில் எல்லோரும் ஒரு அளவு கூட்டித்தான் எடுப்பார்கள், பிறகு வீடு வேகிறது என்று காற்றை அடைத்து அடைத்து எரிப்பார்கள். லின்ட்சே வீட்டுக் குழாய்க்கு அதுவும் ஒரு காரணம். சின்ன அடுப்பை நன்றாக எரிப்பதுதான் நல்லது. அமெரிக்கச் சுற்றாடல் முகமையின் 2020 விதிக்கு அமைந்ததா என்று பாருங்கள். அந்த விதி மணிக்கு 2 கிராம் தூசிப்புகைக்கு மேல் விடக்கூடாது என்கிறது, சாதாரணப் பிளந்த விறகில் சோதித்தவற்றுக்கு 2.5 கிராம். பழைய அடுப்புகள் இதைப்போலப் பல மடங்கு விடுபவை. மின்தடைக்காகத்தான் வாங்குகிறீர்கள் என்றால் மரத்தூளை அமுக்கிய உருண்டைகளை எரிக்கும் பெலற் அடுப்பு வேண்டாம். அதற்குள் உருண்டையைத் தள்ளும் மோட்டாரும் விசிறியும் மின்சாரம் போனால் நின்றுவிடும். இதைத் தெரியாமல் வாங்கி, இருட்டில் குளிர்ந்துபோன அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு மச்சான் எனக்கு இருக்கிறார்.

இனிச் சுவர். எங்கள் ஆட்கள் செய்யும் பெரிய பிழை இங்கேதான். அடுப்புக்குப் பின்னால் வடிவான கல்லோ ரைல்ஸோ நேரே சுவரில் ஒட்டிவிட்டு, இனிப் பயமில்லை என்பார்கள். கல் எரியாது, உண்மை. ஆனால் கல் சூட்டைக் கடத்தும். சூடு கல்லைத் தாண்டி, ட்ரைவோலைத் தாண்டி, உள்ளே நிற்கும் மரச்சட்டத்துக்குப் போகும். மரம் அன்றைக்கே பற்றாது. வருடக்கணக்காகச் சூடேறிக் கருகிக் கருகி, முன்பு பற்றாத சூட்டில் ஒருநாள் பற்றும். பத்து வருடம் ஒன்றும் நடக்கவில்லையே என்று சொல்பவரின் சுவர்தான் பதினோராம் வருடத்துக்குத் தயாராகிக்கொண்டிருப்பது.

காப்பது கல்லல்ல, கல்லுக்குப் பின்னால் ஓடும் காற்று. சாதாரண மெல்லிய உலோகத் தகட்டை, எரியாத முட்டுகளில், சுவரிலிருந்து ஏறத்தாழ ஒரு அங்குலம் தள்ளிப் பூட்டி, கீழே ஒரு அங்குலமும் மேலே மூன்று அங்குலமும் திறந்து விட்டால், தகட்டின் பின்னால் காற்று கீழிருந்து மேலே ஓடிக்கொண்டே இருக்கும். தகடு கொதிக்கும்போதும் பின்னாலிருக்கும் சுவரில் கை வைக்கலாம். முறைப்படி பூட்டிய அப்படியான தகட்டுக்கு விதி 67 சதவீதம் வரை தூரத்தைக் குறைக்க அனுமதிக்கிறது. 48 அங்குலம் 16 ஆகும். கல்லும் ரைல்ஸும் வடிவுக்கு வேண்டுமென்றால் அந்தத் தகட்டுக்கு முன்னால் வையுங்கள்.

நிலத்துக்கு எரியாத மேடை வேண்டும். விறகு போடும் கதவுக்கு முன்னால் 18 அங்குலம், மற்றப் பக்கங்களில் 8 அங்குலம் நீட்டியிருக்கவேண்டும். தணல் தெறிப்பது கதவைத் திறக்கும்போதுதான். கம்பளம் அந்த எல்லைக்கு வெளியே.

குழாய் பூட்டுவதில் ஒரு நுணுக்கம். குழாய்த் துண்டின் ஒரு முனை சுருக்கு வைத்து ஒடுங்கியிருக்கும், அது அடுத்ததற்குள் போகும். அந்த ஒடுங்கிய முனை மேலே பார்க்கவேண்டுமா, கீழே பார்க்கவேண்டுமா? புகை மேலேதானே போகிறது என்று பலர் மேலே வைப்பார்கள். கீழே, அடுப்புப் பக்கம் பார்க்கவேண்டும். புகை எப்படியும் ஏறிவிடும். இறங்கிவரும் தார்நீர்தான் கவனிக்க வேண்டியது, அது குழாயின் உள்ளுக்குள்ளாலேயே வடிந்து அடுப்புக்குள் விழுந்து எரிந்துபோக வேண்டும். தலைகீழாகப் பூட்டின குழாயில் ஒவ்வொரு மூட்டிலும் பழுப்புக் கோடு வடிந்திருக்கும். அதைப் பார்த்தவுடனேயே, பூட்டினவர் தெரியாத வேலை செய்திருக்கிறார் என்று சொல்லிவிடலாம். மூட்டுக்கு மூன்று ஸ்குரூ. 90 பாகை வளைவு இரண்டுக்கு மேல் வேண்டாம். ஒற்றைத்தகட்டுக் குழாய் எரியக்கூடியவற்றிலிருந்து 18 அங்குலம் விலகி நிற்கவேண்டும்.

அந்த ஒற்றைத்தகட்டுக் குழாய் அடுப்பிலிருந்து புகைக்கூடு வரைக்கும் மட்டும்தான். அதைச் சீலிங்காலோ சுவராலோ ஜன்னலாலோ வெளியே விடவே கூடாது. சீலிங்கைத் தொடும் இடத்திலிருந்து காப்புப் பொதிந்த, 650 பாகைக்குச் சான்றளித்த தொழிற்சாலைப் புகைக்கூடு தொடங்கவேண்டும். கூரைக்கு மேலே உயரம், கூரையைத் துளைக்கும் இடத்திலிருந்து குறைந்தது 3 அடி, 10 அடிக்குள் இருக்கும் கூரை முகட்டையோ வேறெதையோ விட 2 அடி. உயரம் குறைந்தால் காற்றடிக்கும் நாளில் புகை திரும்பி இறங்கும். நீங்களே பூட்டுவதை ஏன் தடுப்பேன் என்கிறேன் என்றால், இந்த இடம் காரணம். அடுப்பைச் சரியான தூரத்தில் வைக்க யாராலும் முடியும். மாடித் தளத்துக்கும் அட்டிக்குக்கும் நடுவில், பிறகு எவர் கண்ணும் படாத இடத்தில், மரத்துக்கும் குழாய்க்கும் இடையில் விடவேண்டிய இரண்டு அங்குலத்துக்குள் யாரோ குளிர்காப்புப் பஞ்சைத் திணித்துவிடுவார்கள். பஞ்சும் குளிருக்கு நல்லதுதானே என்று நினைத்துத்தான் திணிப்பார்கள். அதுதான் பிறகு நெருப்பாக வருகிறது.

இனி எங்களுக்கென்றே உள்ள ஒரு பிரச்சினை: குசினி விசிறி. கனடாக்காரர் வீட்டில் அது பெயருக்கு இருக்கும். எங்கள் வீடுகளில் நிமிடத்துக்கு 600 கன அடி இழுக்கிறதைப் பார்த்து வாங்குவோம், மீன் பொரிக்கவேண்டுமே. ஒரு நத்தார் இரவு எங்கள் வீட்டில் மனைவி கீழே விசிறியை முழு வேகத்தில் போட்டு அறக்குளா பொரித்துக்கொண்டிருந்தார். பதினைந்து பேர் வீட்டில், ஜன்னலெல்லாம் இறுக்கம். அடுப்பில் சுவாலை அடங்கித் தணல் மட்டும் கிடந்தது. மேல்மாடியில் பிள்ளைகள் படுத்திருந்த இடத்துக் கருவி கத்தத் தொடங்கியது. பொரியல் புகைக்குத்தான் கத்துகிறது என்று யாரோ பற்றரியைக் கழற்றப் போனார். போய்ப் பார்த்தேன், கத்தியது காபன் மொனொக்சைட் என்ற நச்சுவாயுவைக் காட்டும் கருவி. 600 கன அடி என்றால் ஒரு சின்னப் படுக்கையறைக் காற்றை ஒன்றரை நிமிடத்துக்குள் வெளியே தள்ளுவது. அந்தக் காற்றுக்கு ஈடாக எங்காவதிருந்து உள்ளே வரவேண்டும். இறுக்கமான வீட்டில் அகலமான ஓட்டை புகைக்கூடுதான். அதன் வழியால் வெளிக்காற்று இறங்கி, தணலின் வாயுவை வீட்டுக்குள் தள்ளிக்கொண்டிருந்தது.

தணல் நேரம்தான் அபாயமானது. புகை இருக்காது, மணம் இருக்காது, கூட்டுக்குள் இழுவையும் குறைந்திருக்கும், ஆனால் காபன் மொனொக்சைட் தாராளமாக வரும். இரத்தத்தில் அது ஒட்சிசனைவிட 200 மடங்குக்கு மேல் இறுகப் பற்றும். தலையிடி, சத்தி, அயர்வு. வீட்டில் எல்லோருக்கும் ஒன்றாகத் தலையிடி வந்து, வெளியே போனால் குறைகிறதென்றால் அது சளிக் காய்ச்சல் அல்ல. இப்போது எங்கள் வீட்டில், அடுப்பு எரியும் நாளில் குசினி ஜன்னலை இரண்டங்குலம் திறக்காமல் விசிறியைத் தொட முடியாது. புதிதாகப் பூட்டுபவர்கள் வெளிக்காற்றுக் குழாய் ஒன்றை அடுப்புக்கே நேரே எடுத்துவிடுவது நல்லது.

ஒன்ராறியோவில் காபன் மொனொக்சைட் கருவியைக் கட்டாயமாக்கிய சட்டத்துக்கு ஹோக்கின்ஸ் கின்யாக் என்று ஒரு குடும்பத்தின் பெயர். 2008 டிசம்பரில் வூட்ஸ்ரொக்கில், காஸ் நெருப்பிடத்தின் புகைவழி அடைத்துக்கொண்டதால் தாய் தகப்பன் இரண்டு பிள்ளைகள் நாலு பேரும் போனார்கள். 2013இல் சட்டம் வந்தது. முதலில் படுக்கையறைகளுக்கு அருகே ஒன்று கேட்டார்கள், 2026 ஜனவரியிலிருந்து தளத்துக்கு ஒன்றும் வேண்டும். நான் தளத்துக்கு ஒன்று வைத்திருக்கிறேன், பற்றரியில் ஓடும் வகை. மின்தடைக்காக அடுப்பு வைத்துவிட்டு மின்சாரத்தில் மட்டும் ஓடும் கருவியை நம்பக்கூடாதல்லவா. இன்னொன்று: 2013 டிசம்பர் உறைமழையில் ரொறன்ரோவில் மட்டும் ஏறக்குறைய 3 இலட்சம் இணைப்புகளுக்கு மின்சாரம் போனபோது, பார்பிக்கியூவை வீட்டுக்குள் கொண்டுவந்து கரி மூட்டினவர்கள் இருந்தார்கள். அடுப்புத் தயாராகாவிட்டால் குளிரில் நடுங்குங்கள், உறவினர் வீட்டுக்குப் போங்கள், அதை மட்டும் செய்யாதீர்கள்.

விறகு. நல்ல அடுப்பும் நல்ல கூடும் பச்சை விறகைப் போட்டால் வீண். ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கவேண்டும். வெட்டிய மரத்தில் அதைவிட இரண்டு மடங்கு இருக்கலாம். அந்த நீரை ஆவியாக்கவே நெருப்பின் சூடு செலவாகும், பிறகு குழாய் குளிரும், பிறகு தார். ஈரமானி ஒன்று வாங்குங்கள், விலை அதிகமில்லை. கட்டையின் வெளிப்புறத்தில் குத்தினால் பொய் சொல்லும். ஒரு கட்டையைப் பிளந்து, புதிதாகத் திறந்த முகத்தில், நார் ஓடும் வாட்டத்தில் குத்தவேண்டும். விற்பவர் "காய்ஞ்சது" என்பார், எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். இலையுதிர் காலத்தில் வாங்கும் விறகு அடுத்த வருடக் குளிருக்கு என்றே நினைத்து வாங்குங்கள். ஓக் என்றால் இரண்டு வருடம். 2002இல் வின்சர்ப் பக்கம் கண்டுபிடிக்கப்பட்ட பச்சை வண்டு இந்த மாகாணத்து ஆஷ் மரங்களைத் தின்று தள்ளியதால், பட்ட ஆஷ் எங்கும் கிடைக்கிறது. பச்சையிலேயே ஈரம் குறைந்த மரம் அது, சீக்கிரம் காயும், தொடங்குபவருக்கு நல்லது. ஆனால் அந்த வண்டு ஊர்விட்டு ஊர் போனது பெரும்பாலும் விறகு வண்டியில்தான். கொட்டேஜிலிருந்து காரில் அள்ளிக்கொண்டு வராதீர்கள்.

அளவில் ஏமாறவேண்டாம். புஷ் கோர்ட் என்பது 4 அடி உயரம், 4 அடி ஆழம், 8 அடி நீளம், 128 கன அடி. பேஸ் கோர்ட் என்பது முகம் மட்டும் அதே அளவு, ஆழம் ஒரு கட்டை, 16 அங்குலம். மூன்றில் ஒரு பங்கு. இரண்டையும் "கோர்ட்" என்றே சொல்லி விற்பவர்கள் இருக்கிறார்கள். அடுக்கும்போது நிலத்திலிருந்து தூக்கி, மேலே மட்டும் தறப்பாள் போடுங்கள். பக்கமெல்லாம் சுற்றிக் கட்டினால் ஆவியில் அவியும், பூஞ்சணம் பிடிக்கும்.

பற்றவைப்பது ஊர் முறைக்கு நேர் எதிர். பெரிய கட்டைகள் அடியில், அதன்மேல் சின்னக் கட்டைகள், அதன்மேல் சுள்ளி, உச்சியில் கசக்கிய செய்திப்பத்திரிகையோ பேர்ச் பட்டையோ. மேலே கொளுத்துங்கள். நெருப்பு மேலிருந்து கீழே இறங்கும், அதனால் கீழேயிருந்து கிளம்பும் புகை சுவாலைக்குள்ளால் போய்த்தான் ஆகவேண்டும், கூடும் உடனே சூடேறும். அம்மா இதைப் பார்த்துச் சிரிப்பார். பிறகு புகையே வராததைப் பார்த்து யோசிப்பார். காற்றை முழுதாகத் திறந்து பதினைந்து இருபது நிமிடம் நன்றாக எரியவிட்டு, கட்டைகள் முழுதும் பற்றிய பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். ஒற்றைத்தகட்டுக் குழாயில் காந்தத்தால் ஒட்டும் வெப்பமானி ஒன்றை வையுங்கள். 115 பாகைக்குக் கீழே நின்றால் தார் படிகிறது, 245க்கு மேலே நின்றால் அளவுக்கு மிஞ்சி எரிகிறது. இரவுக்கு விறகு போடுவதென்றால் படுக்க ஒரு மணி நேரத்துக்கு முன்பே போட்டு, நன்றாகப் பற்றவிட்டு, சுவாலை தெரியும் அளவில் குறைத்துவிட்டுப் படுங்கள். விடிய வீடு குளிர்ந்திருந்தால் எழும்பித் திரும்ப மூட்டுங்கள். எனக்கு ஐந்து மணிக்கு அது பழகிவிட்டது.

பூச்சடித்த பலகை, பிளைவூட், பிளாஸ்ரிக், பழைய டெக் பலகை எதுவும் வேண்டாம். பழைய டெக் பலகையில் ஆசனிக் ஏற்றியிருப்பார்கள், எரித்தால் புகையிலும் சாம்பலிலும் வரும்.

சாம்பலை மூடியிறுகும் உலோக வாளியில் அள்ளி, வீட்டுக்கு வெளியே, மரத்தளத்தில் அல்லாமல் சீமெந்திலோ நிலத்திலோ வையுங்கள். சாம்பலுக்குள் தணல் நாட்கணக்காக உயிரோடிருக்கும் என்பது அம்மாவுக்குத் தெரிந்த விஷயம், இதில் அவர் சொல்வதைக் கேளுங்கள். ஆறிவிட்டது என்று கடதாசிப் பையில் போட்டு டெக்கில் வைப்பவர்கள் அவரிடம் பாடம் படிக்கலாம்.

வருடத்துக்கு ஒருமுறை, வெயில் காலத்தில், சான்று பெற்றவரைக் கொண்டு கூட்டைத் துப்பரவாக்குங்கள். முதற் குளிரில் மட்டும் நடுவில் ஒருமுறை பார்ப்பியுங்கள், உங்கள் விறகும் உங்கள் கையும் எப்படி என்று அப்போது தெரிந்துவிடும். குழாய்க்குள் இரைச்சல் கேட்டால் அடுப்புக் கதவையும் காற்றுப் பிடியையும் மூடி, எல்லோரையும் வெளியேற்றி, 911. தண்ணீர் ஊற்றவேண்டாம், சூடேறிய இரும்பும் கல்லும் வெடிக்கும். தானாக அடங்கிவிட்டாலும், பார்ப்பிக்காமல் மறுநாள் மூட்டவேண்டாம்.

மொன்றியலில் உறவினர்கள் இருப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். அவர்களிடம் இதைக் காட்டி அடுப்பு வாங்கச் சொல்லாதீர்கள், அங்கே விதி வேறு. 2018 ஒக்ரோபரிலிருந்து மணிக்கு 2.5 கிராமுக்கு மேல் தூசிப்புகை விடும் அடுப்புகளை எரிக்கக்கூடாது, புகைமூட்ட எச்சரிக்கை நாட்களில் எந்த அடுப்பையும் எரிக்கக்கூடாது. மூன்று மணி நேரத்துக்கு மேல் மின்சாரம் போனால் மட்டும் விதிவிலக்கு.

இந்த வாரமே செய்யக்கூடியது ஒன்று: அடுப்பின் முதுகிலுள்ள தகட்டை எழுத்துத் தெரியும்படி படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இன்சூரன்ஸ்காரரும் வெற் ஆளும் போனில் முதலில் கேட்பது அதைத்தான்.